அத்தை பிடுங்கின பிச்சி

அன்றைக்குத் தோட்டத்தில் நின்றது அப்பா. அம்மை. சித்தப்பா. அப்பாவின் தங்கச்சி, என் அத்தை. அப்புறம் நான், எட்டு வயசுப் பெண்.

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடு கிடந்த காலம். தோவாளையில் வீடு. பிச்சிப்பூ விற்றுத்தான் கஞ்சி. மேல்வரிசைச் செடிமூடுகளில் இலை வெளிறியது. தண்டு அடியில் கறுத்தது.

வீட்டுக்கு விலக்கான பெண் பிச்சிக்குள் கால் வைத்தால் செடி பட்டுப்போகும் என்பார்கள். அம்மை அத்தையைக் கைகாட்டினாள்.

“இவதான் உள்ள போயிருக்கா. செடியப் பிடுங்கும்படி ஆச்சுன்னா இவளும் மாப்பிள வீட்டுக்குப் போயிரணும்.”

போகவில்லை என்று அத்தை சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும்போது அவள் முதுகில் சூட்டுத் தழும்பு இருந்தது. குளிக்கையில் பார்த்திருக்கிறேன்.

“பிடுங்க வேண்டாம். மருந்து வைப்போம்” என்றார் அப்பா. தூர்மண்ணை விலக்கிச் சாம்பலும் சுண்ணாம்பும் போட்டார். வேப்பம்பிண்ணாக்கு கரைத்து ஊற்றினார்.

“அண்ணன் பிச்சிக்கு வைத்தியம் பாக்காரா, தங்கச்சிக்குப் பாக்காரா?” என்று சித்தப்பா சிரித்தார்.

விடிந்ததும் ஓடிப்போய் இலையைப் பார்ப்பேன். மஞ்சள் அடுத்த வரிசைக்கு இறங்கியது. பழுத்த இலைகளைப் பறித்து மடியில் ஒளித்தேன். அம்மை கண்ணில் படக் கூடாது.

அத்தை கண்ணில் பட்டுவிட்டது.

“என்ன மக்கா மடியில?”

அழுதேன். அவள் வாய்க்காலையே பார்த்தாள். நோய்ப்பட்ட செடிகளில் ஊறின தண்ணீர்தான் கீழ்வரிசைக்கும் பாய்ந்தது.

மம்பட்டியை எடுத்தாள். அப்பா ஓடி வந்தார்.

“ஏட்டி, விடு. பிடுங்கினா உன்னைய இங்க வச்சிருக்க முடியாது.”

“தெரியும் அண்ணே. விட்டா கீழயும் தின்னுரும். பொறவு பிள்ள எதக் குடிக்கும்?”

வாய்க்காலை அடைத்தாள். மேலிரண்டு வரிசையையும் பிடுங்கினாள். வேர் அழுகி நாறியது. குவித்துத் தீ வைத்தாள்.

மறுநாள் அப்பா அவளைக் கொண்டுவிடப் போனார். நான் வாசலுக்குப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் துளிர்த்திருக்கும், எங்களை விட்டுப் போகத்தான் பிடுங்கினாள் என்று நினைத்தேன். கோபம்.

தோட்டத்தில் போய் நின்றேன். கீழே மஞ்சள் தட்டாமல் மிச்சம் நின்ற மூடுகளை எண்ணினேன்.

பதினெட்டு.