அக்கா சொன்ன "ஆச்சு"

போன வருடம் ஆடி மாதம், பெருமாநல்லூர் பக்கம் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் நடந்தது இது.

எங்களோடு வேலை செய்த அயர்ன் மாஸ்டர் ஒருவர், நாற்பது வயதுகூட ஆகாதவர், மாரடைப்பில் இறந்துபோனார். எழவுக்குப் போய்த் திரும்பும்போதே எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டீயும் பன்னும் போண்டாவுமாக நாங்களும்தானே ஓடிக்கொண்டிருக்கிறோம்? தையல் லைன் பெண்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். சேலஞ்ச் என்று பெயரும் வைத்தோம். டீக்குச் சர்க்கரை கிடையாது. டீ டைமில் பன், போண்டா கிடையாது. காலைச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு வர வேண்டும். மத்தியானம் கம்பெனியைச் சுற்றி ஒரு நடை.

கண்காணிக்கும் பொறுப்பு எனக்கு. வாய் கொஞ்சம் நீளம் என்பதால் கொடுத்தார்கள். தினமும் கம்பெனி வேனில் ஏறும் ஒவ்வொருவரையும் கேட்பேன்.

"சாப்ட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

உடனே குழுவில் ஒரு கட்டைவிரல் படம் போடுவேன். ஒருவர்கூடத் தோற்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து மெஷின் அக்காவுக்குச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுபவர். அதனாலேயே ஆசையாகச் சேலஞ்சில் சேர்ந்தார். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு எல்லாம் செய்து, இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்குக் கிளப்பிவிட்டு ஓடிவந்து வேனைப் பிடிப்பார். கேட்டால் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆச்சு கண்ணு" என்பார்.

ஒரு நாள் டீ டைம் முடிந்த கொஞ்ச நேரத்தில், அக்கா தைத்த பீஸ்களைச் செக்கிங்கிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அவர் தையல் கோணி யாரும் பார்த்ததில்லை. கிண்டல் செய்யலாம் என்று திரும்பினேன். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவருக்கு முகமெல்லாம் வியர்வை. நடுங்கும் விரல்களால் ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் வாய் குழறியது. மெஷினை அணைத்துவிட்டு அவரை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். டீக்காரரிடமிருந்த சர்க்கரையை யாரோ தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் உள்ளே போனது, மீதி என் சேலையில் வழிந்தது. அப்படியே வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். "கண்ணத் தொறங்க்கா" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே போனேன். அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

"காலைல சாப்பிட்டாங்களா?" என்றார் டாக்டர்.

"சாப்பிட்டாங்க டாக்டர்" என்று அடித்துச் சொன்னேன்.

"என்ன சாப்பிட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை.

விசாரித்தபோதுதான் புரிந்தது. அக்கா எத்தனையோ நாளாக வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். டீ டைமில் குடித்த சர்க்கரை டீயும் பன்னும்தான் அவரை மத்தியானம் வரை தாங்கியிருக்கின்றன. நல்லது செய்வதாக நினைத்து அதைத்தான் நாங்கள் நிறுத்தியிருந்தோம். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர்.

சாயங்காலம் தெளிந்து உட்கார்ந்தவரிடம், "ஏனுங்க்கா பொய் சொன்னீங்க?" என்று அழுதேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"பொய்யா? ஆச்சான்னு கேட்டா ஆச்சுன்னுதான கண்ணு சொல்லோணும்? இல்லீன்னு சொன்னா நீ உன்ற டிபன் டப்பாவ நீட்டுவே. அப்பறம் மத்தியானத்துக்கு உனக்கு?"

எங்கள் பக்கத்தில் சாப்ட்டாச்சா என்று கேட்பதும் ஆச்சு என்பதும் வணக்கம் சொல்வது மாதிரி. பட்டினியாக வந்த எத்தனையோ காலைகளில் நானும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

சேலஞ்சை மாற்றிவிட்டோம். காலைச் சாப்பாட்டையும் டப்பாவில் கட்டிக்கொண்டு வந்து, மெஷின் ஓடுவதற்கு முன் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சூப்பர்வைசர் முதலில் முணுமுணுத்தார். அயர்ன் மாஸ்டர் பெயரைச் சொன்னதும் சரி என்று நகர்ந்துவிட்டார். அக்கா பெரும்பாலும் கம்பங்கூழ் கொண்டுவருகிறார்.

அன்றிலிருந்து யாரையும் சாப்பிட்டாச்சா என்று நான் கேட்பதில்லை. என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டு, பதில் வரும்வரை அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.