ரேஸ் முடிந்த கூட்டத்தில் கூப்பிட்ட பெயர்

என் கணவர் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். வெளிநாட்டில் ஒரு பைக் ரேஸையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சிக்கனமாகத் திட்டம் போட்டு, போன வருடம் மலேசியா போனோம். இருவருக்கும் சேர்த்து ஒரே போன்தான். அதுவும் பாஸ்போர்ட்டும் அவர் பையில் இருந்தன.

ரேஸ் முடிந்ததும் மழை கொட்டியது. எல்லோரும் பஸ்ஸை நோக்கி ஓடினார்கள். அந்த நெரிசலில், அவர் சட்டையைப் பிடித்திருந்த என் கை நழுவிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம். தங்கியிருந்த விடுதியின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. பஸ்கள் நிரம்பி நிரம்பிப் போய்க்கொண்டிருந்தன. அழ ஆரம்பித்துவிட்டேன்.

குடையோடு நின்றிருந்த அந்த ஊர்த் தமிழ்ப் பெண் ஒருவர் என் தோளைத் தொட்டார். "யாரைத் தேடுறீங்க?"

"எங்க ஊட்டுக்காரரைங்க."

"அப்போ பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க அக்கா!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் சொன்னதே இல்லை. நாக்கு எழவில்லை. இன்னொரு பஸ் நகர்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஈஸ்வரமூர்த்தி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தப் பெண்ணும் சேர்ந்து கத்தினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் ஓடி வந்தார். "எங்க போயிட்ட அம்மணி?" என்று என் கையைப் பிடித்தார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது.

எதற்குமே பயப்படாத மனிதர் என்று அதுவரை அவரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் அவர் பேசாமல் இருந்தால், மனசுக்குள் ஏதோ பயம் போல என்று நினைத்து நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.