முதல் ஊசியும் மாறிப்போன செருப்பும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒற்றைத் தையல் மெஷினில் தொடங்கி, கல்முனை பஸாரில் மூன்று புடவைக்கடை வைத்தேன். புது மருந்தொன்றை முதன்முதலாக மனுசனில் போட்டுப் பார்க்க மெல்பேர்ன் டொக்டர்மார் ஆள் தேடியபோது, இந்தக் கரையோரத்திலேயே என்னைத்தான் எடுத்தார்கள். மகன் அங்கேயே இருந்தது சின்ன உதவி, அவ்வளவுதான்.

எனக்குக் கால் நரம்பு மரத்துப்போகும் பரம்பரை நோய்.

"மருந்து சுகமாக்குமா?" என்று கேட்டேன்.

"அது பிறகு. இப்ப ஆளுக்குக் கெடுதி செய்யுதா எண்டுதான் பாக்குறாங்க, வாப்பா" என்று மகன் மொழிபெயர்த்தான்.

புதுச் சாயத்தை நானும் முதலில் வெட்டுத்துண்டில்தான் நனைத்துப் பார்ப்பேன். ஆனால் ஊரில் எவனும் என்னை வெட்டுத்துண்டு என்று சொல்லியிருக்க முடியாது.

நமது பிறவிக் குறிப்பு, அதுதான் ஜீன், காணி உறுதிப் பத்திரம் மாதிரியாம். மருந்து மூல உறுதியைத் தொடாது, அதன் பிரதியில் ஓர் எழுத்தை மட்டும் திருத்தும். பிரதி அழிந்துவிடும் என்பதால் திரும்பத் திரும்ப ஊசி வேண்டும். முதல் ஊசி போட்டுக்கொண்டு ஊருக்கு வந்து, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் இதை விளக்கினேன். எல்லோரும் 'பரம்பரை' என்ற சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இளைய மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த நேரம். மாப்பிள்ளையின் வாப்பா வந்தார்.

"மச்சான், உங்களுக்குச் சுகமானா மகளுக்கும் பயமில்லையா?"

"மூல உறுதி அப்படியேதான் இரிக்கும் மச்சான். மகளுக்கு இரிக்கா எண்டு ரத்தம் பாத்தாத்தான் தெரியும்."

"எங்கட குடும்பத்துல இப்படியொண்டும் இல்ல. இது சரிவராது."

மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டின் டைல்ஸைக் கடைசியாக ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார். குசினியில் மகள் கோப்பை கழுவும் சத்தம் நின்றது.

வாசலில் என் செருப்பைக் காணவில்லை. அவருடைய பெரிய தோல் செருப்புக் கிடந்தது. என் நோயும் இப்படித்தான் தொடங்கியது. யாருடைய செருப்பிலோ பள்ளிவாசலில் இருந்து வீடு வந்தேன், மனைவி சொல்லும்வரை தெரியவில்லை.

போன் எடுத்தேன். "மச்சான், காலைப் பாருங்க."

"இது உங்கட செருப்பெல்லோ!" என்றார்.

"குதிகால் றோட்டுல உரசினது விளங்கல்லையா?"

"இல்ல" என்றார்.

"சீனி வருத்தமாகவும் இரிக்கலாம்" என்று நீரிழிவைக் காட்டி ஆறுதல் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற மகள், "ரெண்டு பக்கமும் ரத்தம் பாத்துப்போட்டுக் கலியாணத்தைக் கதைப்பம் எண்டு சொல்லுங்க வாப்பா" என்றாள். சொன்னேன்.

"ஓம்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "மச்சான், அந்த டொக்டர்மாருக்கு இன்னொரு ஆள் தேவைப்படுமா?"