ஈஸ்ட்டுக்குக் கிடைத்த ஐந்து மணி நேரம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜெர்மனியில் ஹனோவர் லேபில் நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர் தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடி வந்தார். தீயெல்லாம் இல்லை... தட்டு நிறைய ஈஸ்ட். அதுவும் உயிரோடு!

ஈஸ்ட் செல்களுக்கு முதலில் கொஞ்சூண்டு கதிர்வீச்சு கொடுத்தால், பிறகு வரும் பெரிய டோஸை அவை தாங்குமா? இதுதான் என் ஆராய்ச்சி. ஒரு வருஷமாக, சின்ன டோஸ் கொடுத்தவை, கொடுக்காதவை எல்லாம் ஒன்றுபோல் செத்தன. "இந்த மாதமும் இப்படியென்றால் மூடிவிடலாம்" என்றுவிட்டார் பேராசிரியர். மூடினால் ஸ்காலர்ஷிப் கட். பட்டமில்லாமல் மதுரைக்கு ஃப்ளைட்!

இத்தனைக்கும் நான் ஜெர்மன்காரர்களைவிடக் கறார். சின்ன டோஸ் முடிந்த ஐந்தாவது நிமிஷம் பெரிய டோஸ். கதிர்வீச்சு மெஷினில் எனக்கு ஒதுக்கிய நேரத்தை வீணடித்ததே இல்லை — அதில் பெருமை வேறு!

அந்த வாரம் செவ்வாய் காலை சின்ன டோஸ் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், வாசலில் செல்வராணி அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர், என் கீழ்வீட்டுக்காரர். கையில் வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம். முகத்தில் ரத்தமில்லை.

"தங்கச்சி, இண்டைக்குத்தான் டெர்மின், அவையள் வரச் சொன்ன நாள். விசா நீட்டாட்டி என்ன செய்வன்? தனியப் போய்க் கதைக்க ஏலாது. ஒருக்கா வாங்கோ!"

எப்படி மாட்டேன் என்பது? சின்ன டோஸ் வாங்கிய செல்கள் ஒரு குடுவை, வாங்காதவை ஒரு குடுவை. இரண்டையும் அப்படியே வைத்தேன். சாயங்கால மெஷின் நேரத்தை ஒரு தோழியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு ஓடினேன்.

க்யூ... க்யூ... ஐந்து மணி நேரம்! அக்கா சாப்பிடப் பொரித்துக் கொண்டுவந்த றோல்ஸ் தீர்ந்தது, என் பொறுமையும் தீர்ந்தது. கடைசியில் ஆறு மாத நீட்டிப்பு முத்திரை விழுந்தது. அக்கா அங்கேயே அழுதுவிட்டார்.

திரும்பி வந்து இரண்டு குடுவைக்கும் பெரிய டோஸ் கொடுத்து, முளைக்கத் தட்டுகளில் பரப்பி வைத்தேன், நம்பிக்கையே இல்லாமல். வெள்ளிக்கிழமை பார்த்தால் — வாங்காதவை வழக்கம்போல் காலி. வாங்கியவை பொலபொலவென்று முளைத்துக் கிடக்கின்றன!

அடி வாங்கின செல் தன்னைத் தேற்றிக்கொள்ள நேரம் வேண்டாமா? மூச்சுவிடக்கூட விடாமல் அடுத்த அடி கொடுத்த என்னை என்ன சொல்ல?

பேராசிரியர் லேசில் நம்பவில்லை. இந்த முறை வேண்டுமென்றே காத்திருந்து, இரண்டு தடவை செய்து காட்டினேன். இரண்டு தடவையும் ஜெயம்! "தொடருங்கள்" என்றார். அவர் அகராதியில் அது பொன்னாடை.

அக்காவிடம் சொன்னேன். "அப்ப வரிசையில நிண்ட எனக்கும் ஒரு பட்டம் தரச் சொல்லுங்கோ!" என்று சிரித்தார்.

பட்டம் என் கையில் இல்லை அக்கா. ஆனால் தீசிஸில் முதல் நன்றி உங்களுக்குத்தான்... பேராசிரியரும் க்யூவில் நிற்கட்டுமே!