அம்மா அனுப்பிய பூப்படம்

ஜப்பான்காரர்களுக்குப் பூ வைக்கத் தெரியாது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஆதாரம் இருந்தது.

அம்மா கல்யாணத்துக்கு முன், எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் செனாயில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பயிற்சிக்காக அவரை ஆறு மாதம் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். இயந்திரங்களைப் பற்றிக் கற்றதையெல்லாம் திரும்பி வந்த விமானத்திலேயே மறந்துவிட்டாராம். மறக்காதது, ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிக்குப் பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் கற்றுக்கொண்ட பூ அலங்காரம். இக்கெபானா என்று பெயர். ஒரு கிளை, ஒரு பூ, மிச்சமெல்லாம் வெறும் இடம். எங்கள் ஸ்கூடாய் வீட்டில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொல்வார்: “ஒரு தடவ திரும்பிப் போகணும். அவங்க சட்டி பானை செய்றது, துணிக்கு நீலச் சாயம் போடுறது, எல்லாத்தையும் பக்கத்துல உக்காந்து கத்துக்கணும்.”

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அந்த ஆசிரியையின் கடிதம் வந்தது. வெளிநாட்டவர்களுக்கு மூன்று மாத வகுப்பு, தங்க இடமும் உண்டு. சொந்தமாகச் செய்த அலங்காரம் ஒன்றைப் படமெடுத்து அனுப்ப வேண்டும், பிடித்திருந்தால் கூப்பிடுவார்கள். அம்மா அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தார் என்று தெரியாது. மடிப்பில் கிழிந்தே போயிற்று.

அப்பா விடியும் முன்பே மோட்டார்சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். “மூணு மாசந்தானே, போய்ட்டு வா லா. புள்ளய நான் பாத்துக்குறேன்,” என்றார். எப்போது பார்த்துக்கொள்வார் என்று சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அம்மா வாசலில் இருந்த காகிதப்பூச் செடியில் ஒரு கிளையை வெட்டினார். காலை முழுவதும் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, தட்டையான கிண்ணம் ஒன்றில் சாய்வாக நிறுத்தினார். பக்கத்தில் ஒரே ஒரு வெள்ளை ஆர்கிட். பிறகு கேமராவுக்கு பேட்டரி வாங்கக் கடைக்குப் போனார்.

நான் அதைப் பார்த்தேன். பஞ்சத்தில் அடிபட்டது போல நின்றது. எங்கள் வீட்டு மாதா சொரூபத்துக்குப் பூ வைத்தால் மாதாவின் முகம் மட்டும்தான் வெளியே தெரியும். கோயில் திருவிழாத் தேரில் அதுவும் தெரியாது. இந்த நோஞ்சான் கிளையைப் பார்த்து யார் அம்மாவைக் கூப்பிடுவார்கள்? எனக்குப் பயமாகிவிட்டது. வேலியோரச் செம்பருத்தி அத்தனையையும் பறித்தேன். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டு அவருடைய செவ்வந்தியையும் எடுத்துக்கொண்டேன். கிண்ணத்தில் விரல் நுழைய இடமில்லாதபடி செருகி வைத்தேன்.

அம்மா உள்ளே வந்ததும், “அலமாக்! ஐயய்யோ!” என்றார்.

“இப்பதான்மா நல்லாருக்கு. கண்டிப்பா உங்கள கூப்பிடுவாங்க,” என்றேன். “நீங்க போங்க. நானே சடை பின்னிக்குவேன். அழவே மாட்டேன்.” சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அம்மா கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கண்ணைத் துடைத்துவிட்டு, கேமராவில் பேட்டரியைப் போட்டார். ஒரு பூவைக்கூடத் தொடாமல் அப்படியே படமெடுத்தார். மாலையில் அதையே அனுப்பியும் விட்டார். ஒரு மாதம் கழித்து, இந்த முறை இடமில்லை என்று பணிவாகப் பதில் வந்தது. நான் ஜப்பானியர்களைக் கிழி கிழி என்று கிழித்தேன். “அவங்களுக்கு என்ன தெரியும் லா,” என்று அம்மாவும் சேர்ந்துகொண்டார்.

அம்மா இன்னும் போகவில்லை. போகணும் என்பதை இன்னும் விடவுமில்லை. படம் அனுப்ப அன்றைக்கு மேலும் ஒரு வாரம் அவகாசம் இருந்ததாம். சமீபத்தில்தான் பேச்சுவாக்கில் சொன்னார். என் பூக்களை எடுத்துவிட்டு மறுபடி செய்ய அவருக்கு அரை மணி நேரம் போதும். அந்தப் படத்தைப் பார்த்தால் நிச்சயம் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தேதான் அவர் அனுப்பினார் என்பது, மிச்சச் செவ்வந்தியைத் தலையில் செருகிக்கொண்டு வீடு முழுக்கக் குதித்துத் திரிந்த எனக்கு அன்று தெரியாது.