பெயின்டுக்கு அடியில் ஒரு கோடு

இசக்கிசெல்வி எங்கள் மாடியறையில் குடியிருந்தவள். ஒரகடத்தில் நான் பெருக்குகிற கம்பெனியில்தான் அவள் இன்ஜினியர். கடலில் எண்ணெய் எடுக்கும் இடத்துக்குப் போகிற இயந்திரங்களைக் கிரேன் தூக்குவதற்கு இரும்பில் காது வைப்பார்கள். அந்தக் காதை வரைந்து, எடை கட்டித் தொங்கவிட்டுச் சோதிப்பது அவள் வேலை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒருநாள், நான்கு காதுகளும் இரண்டு மடங்கு எடையைத் தாங்கிவிட்டன. வாசலில் லாரி தயார். ஆனால் சோதனைக்கு முன்பே யாரோ மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"பெயின்ட்ட சுரண்டுங்க அண்ணாச்சி. அடியில வெடிப்பு இருந்தா தெரியாதுல்லா?" என்றாள் இசக்கிசெல்வி.

"அதான் தாங்கிச்சே! இன்னாம்மா, காதுகுத்து விசேஷமா நடத்திகினு கீற?" என்றார் சூப்பர்வைசர் முனிரத்தினம். எல்லாரும் சிரித்தார்கள்.

"சுரண்டாம கையெழுத்து போடமாட்டேன்."

அவளை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று முனிரத்தினம் எழுதித்தரவேண்டிய வாரம் அது. அப்படியும் அவள் அசையவில்லை. அவள் செய்தது சரி, யாரிடமும் சொல்வேன்.

முணுமுணுத்துக்கொண்டே சுரண்டினார்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிக்கொள்ளும் சிவப்பு மருந்தைத் தடவித் துடைத்து, மேலே வெள்ளை மருந்து அடித்தாள். மூன்றாவது காதில் தலைமுடி போலச் சிவப்புக் கோடு எழும்பியது. சிரித்தவர்கள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள்.

லாரியைத் திருப்பி அனுப்பி, காதை வெட்டி மறுபடி பற்றவைத்தார்கள். மறுநாள் சோதனையில் கோடே இல்லை. முனிரத்தினம் பெயின்ட் அறைச் சாவியை அவளிடம் நீட்டினார்.

"இனிமே நீ தொறந்தாதான் பெயின்ட்டு. காயிதத்துல நிரந்தரம்னு எழுதிட்டேன், போம்மா."