அத்தாயி போட்ட பட்டி

மழை பொய்த்த வருடத்தில் என் தங்கை அத்தாயி ஓர் ஆட்டையும் பறிகொடுக்கவில்லை. கோடாரிக்குப் போகவிருந்த ஏழு வெள்வேல மரங்களை நிற்க வைத்தாள். பள்ளிக்கூடமே போகாதவள், என் சிலேட்டைப் பிடுங்கித் தன் பெயரை எழுதிப் பழகினாள். ஆனால் அந்த வருடம் வரை அதை எங்கும் கையெழுத்தாகப் போட்டதில்லை.

கணவன் இறந்தபின் மல்லசமுத்திரத்துக்குக் கிழக்கே சென்னியப்பரின் மேய்ச்சல் காட்டைக் குத்தகைக்குப் பிடித்தாள். கோடையில் புல் கருகினாலும் வெள்வேல் வாடாது. அதன் காய் முற்றிக் காய்ந்து உதிர்ந்தால் செம்மறிக்கு அதுதான் தீனி. விதை வயிற்றில் சாகாது. புழுக்கையோடு விழுந்து மழைக்கு முளைக்கும். பச்சைக் காயை வயிறுமுட்டத் தின்ற ஆடுதான் பிழைக்காது.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. கரி சுட மரம் தேடி வந்த கண்ணுசாமிக்கு ஏழு மரத்தையும் சென்னியப்பர் விலை பேசிவிட்டார். காய் உதிர இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"காயெல்லாம் உம்பட ஆட்டுக்குத்தான் அம்மிணி. உலுக்கற வேலையே இல்ல. மரம் படுத்துரும், ஆடு நின்னுக்கிட்டே திங்கும்" என்றான் கண்ணுசாமி.

"தின்னா ஆடுந்தான் படுத்துருமுங்க."

மரம் காட்டுக்காரருக்கு, காய் குத்தகைக்காரருக்கு. பட்டியை எங்கே போடுவதென்பதும் குத்தகைக்காரர் விருப்பம். இது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தாயி மூங்கில் படல்களை இழுத்து வந்து மரங்களைச் சுற்றி நட்டு, ஆடுகளை உள்ளே அடைத்தாள். வெட்ட வந்தவர்கள் கோடாரியை ஊன்றி நின்றார்கள். மரம் சாய்ந்தால் ஆட்டின் மேல்தான் சாயும்.

வெயில் ஏறியது. பசியில் ஆடுகள் கத்தின. இரண்டு படுத்துவிட்டன.

"தொறந்து உடு புள்ள, செத்துரும்" என்றேன்.

"தொறந்தா எல்லாமே செத்துருமுங்கண்ணா."

பொழுது சாயச் சென்னியப்பர் வந்தார். "என்ன புள்ள, எம்பட மரத்துக்கே காவலா?"

"நான் குத்தகையில இருக்கற வரைக்கும் மரத்தை உடுங்க. காய் தின்ன ஆட்டை வருசம் பூராவும் உங்க கடலைக்காட்டுலயே பட்டி போடறேனுங்க."

அவர் எரு இல்லாத தன் காட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அப்ப பஸ்சு ஆட்டாம்புழுக்கையிலயா ஓடும்?" என்றான் கண்ணுசாமி.

"ஏரிக்கரையில எம்பட கருவேலம் நிக்குது, அதை வெட்டிக்க" என்ற சென்னியப்பர் அத்தாயி பக்கம் திரும்பினார். "ஏம் புள்ள, நாளைக்கு வேற ஊட்டுக் காட்டுல பட்டி போட்டீன்னா? எழுதிக்குவோம்."

எழுதினார்கள். கைநாட்டுக்கு மையை நீட்டினார்கள். அத்தாயி பேனாவைக் கேட்டாள்.

1943, ஏப்ரல் 22, வியாழக்கிழமை.